குழாய் பாதி, மவுண்ட் பாதி: கண்ணால் வானம் பார்க்க ஒரு ரிஃப்ராக்டர்

சின்ன டெலஸ்கோப் பெட்டிகளில் "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். முன்பக்க லென்ஸின் விட்டம் 60 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. கூடவே 4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) ஒன்று தருவார்கள். 700ஐ 4ஆல் வகுத்தால் 175 மடங்கு. அப்புறம் உருப்பெருக்கத்தை இன்னும் 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் பெட்டிக்குள் இருக்கும். 175ஐ 3ஆல் பெருக்கினால் 525. கணக்கில் பொய்யே இல்லை. ஆனால் அப்படி எல்லாவற்றையும் பூட்டிக் கண்ணை வைத்தால் தெரிவது மங்கலாக, ஆடிக்கொண்டே இருக்கிற ஒரு கறை. நிலவுக்கே அந்தக் கதி என்றால் சனியைக் கேட்கவே வேண்டாம், அது பார்வைக்குள் வந்து சிக்கினாலே பெரிய விஷயம்.

இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. லென்ஸால் முடியாததை லென்ஸிடம் கேட்கிறோம், அது ஒன்று. குழாயைத் தாங்கி நிற்கிற மவுண்ட் நோஞ்சானாக இருக்கிறது, அது இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். இரண்டாவது பெரும்பாலும் டெலஸ்கோப்பை வாங்கி, சில ராத்திரி மல்லுக்கட்டி, பரணில் ஏற்றிய பிறகுதான் உறைக்கும். ரிஃப்ராக்டரை, அதாவது லென்ஸ் வைத்த டெலஸ்கோப்பை, தேர்ந்தெடுப்பதும் மவுண்டைத் தேர்ந்தெடுப்பதும் இரண்டு முடிவு கிடையாது, ஒரே முடிவு. குழாயை ஆசைப்பட்டு எடுத்துவிட்டு "அப்புறம் ஏதாவது ஒரு ஸ்டாண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கும் இடத்தில்தான் காசு வீணாகிறது. இங்கே சொல்வதெல்லாம் கண்ணால் பார்ப்பவர்களுக்கு மட்டும். கேமராவை மாட்டிப் படம் எடுப்பது வேறு உலகம், அதற்கான கணக்குகள் வேறு.

ரிஃப்ராக்டர் என்றால் முன்னால் லென்ஸ், பின்னால் ஐபீஸ், நடுவில் வெறும் குழாய். பள்ளிப் பாடத்தில் ஒளிவிலகல் தொலைநோக்கி என்று படித்தது இதைத்தான். இதே பணத்துக்குக் குழியாடி வைத்த நியூட்டோனியன் டெலஸ்கோப் இன்னும் பெரிய விட்டத்தில் கிடைக்கும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மங்கலான கேலக்ஸிகளைத் தேடுவதுதான் உங்கள் ஆசை என்றால் டாப்சோனியன் (எளிய பீடத்தில் உட்காரும் நியூட்டோனியன்) பக்கம் போவது நல்லது. ரிஃப்ராக்டரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. குழாய் மூடியே இருப்பதால் உள்ளே தூசி அதிகம் போகாது, லென்ஸ்களின் நேர்வரிசை எளிதில் கலையாது, ஒளியின் பாதையில் குறுக்கே எதுவும் நிற்காததால் படம் பளிச்சென்று இருக்கும், சின்ன அளவுகள் வெளியே எடுத்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும். அரைமணி நேரம் ஓய்வு கிடைத்தால்கூட எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வரலாம். அப்படிப் பார்ப்பவர்கள்தான் நிறைய பார்க்கிறார்கள்.

சரி, விட்டம். முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. ஒளி சேகரிக்கும் திறன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 60இல் இருந்து 80 மி.மீ. போனால் ஒளி சுமார் 1.8 மடங்கு ஆகிறது. இருட்டில் 7 மி.மீ. வரை விரியும் நம் கண்ணின் பாப்பாவோடு ஒப்பிட்டால் 80 மி.மீ. லென்ஸ் சேகரிப்பது சுமார் 130 மடங்கு. நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவதும் விட்டம்தான்: 116ஐ மி.மீ. கணக்கிலான விட்டத்தால் வகுத்தால், எவ்வளவு நெருங்கிய இரண்டு நட்சத்திரங்களைத் தனித்தனியாகக் காட்டும் என்பது ஆர்க் செகண்டில் கிடைக்கும் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்). 60 மி.மீ.க்கு 1.9, 80க்கு 1.45, 100க்கு 1.16. உருப்பெருக்கத்தின் மேல்வரம்பும் இதையொட்டியே வருகிறது. விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதற்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது. அந்த 60 மி.மீ. டெலஸ்கோப்புக்கு அது 120. பெட்டியில் போட்டது 525. பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் அலைச்சல் பல இரவுகளில் 200 மடங்குப் பக்கத்திலேயே கதவைச் சாத்திவிடும்.

என்ன தெரியும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் படங்களில் பார்த்த வண்ணம் எதுவும் கண்ணில் வராது. 80 மி.மீ. நல்ல லென்ஸில் நிலவின் பள்ளங்கள் இரவு பகல் எல்லைக்கோட்டை ஒட்டி நிழலோடு துல்லியமாகத் தெரியும், அதுவே பல மாதங்களுக்குப் போதும். வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும். சனியின் வளையம் 30 மடங்கிலேயே வளையம் என்று புரியும். 100க்கு மேல் போனால் கோளுக்கும் வளையத்துக்கும் நடுவில் கருப்பு இடைவெளி. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரும் அருந்ததியும் வெறுங்கண்ணுக்கே இரண்டு நட்சத்திரம், ஆனால் வசிஷ்டரை மட்டும் டெலஸ்கோப்பில் பாருங்கள், அதுவே 14 ஆர்க் செகண்ட் இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இரட்டை நட்சத்திரங்களுக்காகவே ரிஃப்ராக்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. சிக்னஸ் மண்டலத்தின் அல்பிரியோ பொன்னும் நீலமுமாகத் தெரிவதை ஒரு முறை பார்த்தால் ஏனென்று புரியும். ஓரியன் நெபுலா சாம்பல் நிற மேகம். கேலக்ஸிகள் பெரும்பாலும் மங்கலான திட்டுகள், அவ்வளவுதான். இன்னொன்று, எல்லோரும் "கோள் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே" என்பார்கள். 100 மடங்கில் வியாழன் வெறுங்கண்ணால் பார்க்கும் நிலவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரிகிறது என்பது கணக்கு. சுற்றிலும் இருட்டு இருப்பதால் மனம் அதை நம்ப மறுக்கிறது.

ரிஃப்ராக்டரின் பலவீனம் நிறப்பிறழ்ச்சி. ஒரே லென்ஸ் சிவப்பு ஒளியை ஓரிடத்திலும் நீல ஒளியை இன்னோர் இடத்திலும் குவிக்கும், அதனால் பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு புகை படியும். வெள்ளிக் கோளில் இது அப்பட்டமாகத் தெரியும், நிலவின் விளிம்பில் மஞ்சளாகவும் ஊதாவாகவும் ஒரு கோடு ஓடும். 17ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரே மருந்து குவியத்தூரத்தை நீட்டுவதாக இருந்தது. டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) நகரத்து வானியலாளர் ஹெவேலியஸ் சுமார் 46 மீட்டர் நீளத்துக்கு ஒரு டெலஸ்கோப் கட்டினார், உயரமான கம்பத்தில் கயிறுகளால் தொங்கவிட்டு! கொஞ்சம் காற்று அடித்தாலும் ஆடும், மரச்சட்டம் வளையும், கயிற்றை இழுக்க ஆட்கள் வேண்டும். லென்ஸின் குறையைச் சரிசெய்யப் போய் மவுண்டின் குறையாக மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லலாம், இன்று நாம் நீளமான குழாய் வாங்கும்போது நடப்பதும் சின்ன அளவில் அதேதான்.

1758இல் லண்டனில் ஜான் டொலாண்ட் இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்துச் செய்யும் லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார் (செஸ்டர் மூர் ஹால் என்பவர் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே செய்துவிட்டிருந்தார், அது வேறு வம்பு). அதுதான் அக்ரோமேட். இன்று குறைந்த விலையில் கிடைக்கும் ரிஃப்ராக்டர் எல்லாம் அக்ரோமேட்தான். இதுவும் நிறத்தை முழுக்கத் தீர்ப்பதில்லை, மட்டுப்படுத்துகிறது, எவ்வளவு மட்டுப்படும் என்பது எஃப் எண்ணைப் பொறுத்தது. குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்; 80 மி.மீ. விட்டம் 400 மி.மீ. குவியத்தூரம் என்றால் எஃப் 5. பழைய ஆட்கள் சொல்லும் ஒரு கட்டைவிரல் கணக்கு இருக்கிறது: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள், எஃப் எண் அதற்குக் குறையாமல் இருந்தால் நிறம் கண்ணை உறுத்தாது. 80 மி.மீ. என்பது 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஆக எஃப் 9 அல்லது 10 போதும். 4 அங்குலத்துக்கு எஃப் 12. இதையே 6 அங்குலத்துக்குப் போட்டுப் பாருங்கள், எஃப் 18, குவியத்தூரம் 2.7 மீட்டர்! அதைத் தாங்கத் தரையில் தூண் நட வேண்டும். பெரிய அக்ரோமேட் என்று ஆசை காட்டும் விளம்பரங்களில் 150 மி.மீ. எஃப் 5 என்று பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது கெட்ட டெலஸ்கோப் கிடையாது, நட்சத்திரக் கொத்துகளுக்கு அருமையாக இருக்கும், கோள் பார்க்கத்தான் லாயக்கில்லை.

கையில் ஏற்கெனவே குட்டையான அக்ரோமேட் இருந்தால் ஒரு வேலை செய்யலாம். பல டெலஸ்கோப்களின் முன்மூடியில் நடுவே இன்னொரு சின்ன மூடி இருக்கும். பெரிய மூடியைக் கழற்றாமல் சின்னதை மட்டும் எடுத்துவிட்டு நிலவைப் பாருங்கள். விட்டம் பாதியாகிறது, எஃப் எண் இரட்டிப்பாகிறது, ஊதாப் புகை காணாமல் போகிறது. ஒளியும் நுணுக்கமும் குறையும்தான், நிலவுக்கு ஒளிப் பஞ்சம் இல்லை.

அடுத்த படி ஈடி கண்ணாடி. நிறத்தைக் குறைவாகச் சிதறடிக்கும் விசேஷக் கண்ணாடி, எஃப்பிஎல்-51, எஃப்பிஎல்-53 என்ற பெயர்களை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 53 பொதுவாக மேலானது, ஆனால் கூடச் சேரும் இரண்டாவது கண்ணாடியும் தேய்த்த நேர்த்தியும் அதே அளவு முக்கியம் என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். இதன் பெரிய லாபம் நிறம் இல்லாமல் போவது மட்டுமல்ல, குழாய் குட்டையாகிறது என்பதே. 100 மி.மீ. அக்ரோமேட் நன்றாக இருக்க அந்தக் கணக்குப்படி எஃப் 12 வேண்டும், 1.2 மீட்டர். அதே 100 மி.மீ. ஈடி எஃப் 7இல், அதாவது 70 செ.மீ. சொச்சத்தில், அதைவிடச் சுத்தமான படம் தரும். மூன்று லென்ஸ் வைத்த ட்ரிப்லெட்டும் உண்டு. கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு 100 மி.மீ. அளவில் அது தேவையில்லை என்பது என் கட்சி, முன்பக்கம் கனமாகும், குளிர்ந்து நிலைக்கு வர நேரமாகும், விலையும் ஏறும், கண்ணுக்குக் கிடைக்கும் கூடுதல் மிகச் சின்னது.

குவியத்தூரம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: ஒரே பார்வையில் எவ்வளவு வானம் தெரியும் என்பது. வழக்கமான 1.25 அங்குல ஐபீஸ் வழியாக அதிகபட்சம் தெரியக்கூடிய வானம் 400 மி.மீ. குழாயில் கிட்டத்தட்ட 4 டிகிரி, 700இல் 2.2 டிகிரி, 1000இல் 1.5 டிகிரி. கார்த்திகைக் கூட்டம் முழுவதும் சுமார் 2 டிகிரி. குட்டைக் குழாயில் அது நடுவில் உட்கார்ந்து சுற்றிலும் இருட்டு இருக்கும், அப்போதுதான் அது ஒரு கொத்தாகத் தெரியும். நீளக் குழாயில் முக்கிய நட்சத்திரங்கள் மட்டும் உள்ளே வந்து ஓரத்தில் இருப்பவை வெளியே போய்விடும். 2 அங்குல ஐபீஸ் போட்டால் அகலம் இன்னும் கூடும், கனமும் கூடும்.

ஐபீஸ் விஷயத்தில் ஒரு எளிய எண்ணை மட்டும் மனதில் வைத்தால் போதும். ஐபீஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எஃப் 7 குழாயில் 24 மி.மீ. ஐபீஸ் என்றால் சுமார் 3.4 மி.மீ., கொத்துகளுக்கும் நெபுலாவுக்கும் நல்லது. 12 அல்லது 14 மி.மீ. போட்டால் 2 மி.மீ. அளவுக்கு வரும், பாதி நேரம் இதுதான் குழாயில் இருக்கும். 6, 7 மி.மீ. போட்டால் 1 மி.மீ. பக்கம், கோளுக்கும் இரட்டை நட்சத்திரத்துக்கும். அரை மி.மீ.க்குக் கீழே போனால் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த 525 மடங்கில் கற்றை 0.11 மி.மீ., போதுமா? மூன்று ஐபீஸ் போதும், முதல் வருடத்துக்கு. மூக்குக்கண்ணாடி போட்டபடி பார்க்க வேண்டியவர்கள் மட்டும் கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்பதைக் கேட்டு வாங்குங்கள், பிளாசல் என்ற சாதாரண வகையில் குறைந்த மி.மீ. ஐபீஸ்களில் கண்ணை ஒட்டி வைத்தால்தான் முழுப் பார்வையும் கிடைக்கும்.

இனி மவுண்ட். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. 50 டிகிரி பார்வை உள்ள ஐபீஸில் 100 மடங்கில் தெரியும் வானம் அரை டிகிரி, வானத்தின் நடுக்கோட்டருகே இருக்கும் ஒரு கோள் அதை இரண்டே நிமிடத்தில் கடந்து போய்விடும்; 200 மடங்கில் ஒரு நிமிடம். ஆக நீங்கள் விடாமல் குழாயை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை கை படும்போதும் அது ஆடும், படம் எத்தனை மடங்கோ ஆட்டமும் அத்தனை மடங்கு. அதைவிட மோசம் ஃபோகஸ் செய்யும்போது. குமிழைத் தொடுகிறீர்கள், வியாழன் நடுங்கும் ஒரு கோடாகிறது, கையை எடுத்து மூன்று நான்கு நொடி காத்திருக்கிறீர்கள், அடங்கியதும் பார்த்தால் ஃபோகஸ் கொஞ்சம் தாண்டிவிட்டது, திரும்பத் தொடுகிறீர்கள், திரும்ப நடுக்கம். சரியான ஃபோகஸ் எது என்று தெரியாமலேயே அந்த இரவு போய்விடும். "லென்ஸ் மட்டம், சனி தெளிவாகவே இல்லை" என்று சொல்பவர்களில் நிறைய பேருடைய லென்ஸில் ஒரு குறையும் இருக்காது.

இதில் எடையைவிட நீளம் கொடியது. ஒரே எடையுள்ள இரண்டு குழாய், ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு நீளம் என்றால், அதைத் திருப்பவும் நிறுத்தவும் எதிர்ப்படும் சுழல் நிலைமம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆகவேதான் "5 கிலோ தாங்கும்" என்ற மவுண்டில் 3 கிலோ குட்டை ஈடி கல் மாதிரி நிற்கும், அதே 3 கிலோ ஒரு மீட்டர் அக்ரோமேட் மரக்கிளை மாதிரி ஆடும். நிறுவனம் சொல்லும் தாங்கும் எடை அசைவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எடை கணக்குப் போடும்போது குழாயை மட்டும் போடாதீர்கள், குழாயைப் பிடிக்கும் வளையங்கள், டயகனல் (ஒளியைத் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் துண்டு), ஃபைண்டர் (குறிபார்க்க உதவும் சின்னக் கருவி), ஐபீஸ் எல்லாம் சேர்ந்துதான் எடை, பெரிய 2 அங்குல ஐபீஸ் சில ஒன்றே ஒரு கிலோவை எட்டும். நீளக் குழாய் என்றால் சொன்ன எடையில் பாதியைத்தான் நான் நம்புவேன்.

மவுண்டில் இரண்டு வகை. ஆல்ட் அசிமுத் என்பது மேலும் கீழும், இடமும் வலமும். எவரும் பார்த்தவுடனே ஓட்டிவிடலாம். இதற்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு, அதைக் கவனிக்காமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றில் குழாய் அச்சுக்கு மேலே உட்காரும், கேமரா முக்காலியின் தலை மாதிரி. அடிவானத்தைப் பார்க்கும்வரை பிரச்சினை இல்லை. மேலே தூக்கத் தூக்க எடை அச்சைத் தாண்டிப் பின்னால் சாய்கிறது, தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டுக் கையை விட்டால் குழாய் தானாகச் சரியும், அதைத் தடுக்கத் திருகை இறுக்கினால் அப்புறம் நகர்த்த முடியாது. குறைந்த விலைப் பெட்டிகளில் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி கொடுத்திருப்பார்களே, அது இதைச் சமாளிக்கத்தான். மற்ற ஜாதியில் குழாய் அச்சின் பக்கவாட்டில், அதே உயரத்தில் தொங்கும். முன்னும் பின்னும் சமன் செய்துவிட்டால் எந்தக் கோணத்திலும் விட்ட இடத்தில் நிற்கும். விக்ஸன் போர்ட்டா, ஸ்கைவாட்சர் ஏஇசட்-4, ஏஇசட்-5 எல்லாம் இந்த ரகம். வாங்கினால் இதை வாங்குங்கள். மெதுவாக நகர்த்தும் குமிழ்கள் இருந்தால் அதிக உருப்பெருக்கத்தில் வசதி. இல்லாவிட்டாலும், உராய்வு சீராக இருந்தால் 100 மடங்கு வரை விரலால் தள்ளியே தொடரலாம்.

இரண்டாவது வகை ஈக்வடோரியல். ஓர் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டால், அப்புறம் பொருளைத் தொடர அந்த ஒரே அச்சைத் திருகினால் போதும், சின்ன மோட்டார் ஒன்று மாட்டினால் அதுவும் வேண்டாம். 1824இல் ஜெர்மன் லென்ஸ் வல்லுநர் ஃபிரான்ஹோஃபர் டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்டு) ஆய்வகத்துக்குச் செய்து கொடுத்த 24 செ.மீ. ரிஃப்ராக்டர் இந்த ஜெர்மன் வகை மவுண்டில், கடிகாரப் பொறியோடு நின்றது. வானியலாளர் ஸ்ட்ரூவ ஆயிரக்கணக்கான இரட்டை நட்சத்திரங்களை ஆராய்ந்தது அதில்தான். லென்ஸும் மவுண்டும் ஒரே கையில் செய்யப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்ப்பதற்குத் துருவத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டியதில்லை, அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் கண்ணளவில் திருப்பினால் போதும், நட்சத்திரம் மறைந்திருந்தால் திசைகாட்டியும் அட்சரேகை அளவுகோலும் வைத்தே ஒப்பேற்றலாம்.

ஆனால் சில தொல்லைகள். அச்சு எவ்வளவு சாய வேண்டும் என்பது நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகைதான், ஆகவே நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அச்சு படுத்துக்கொண்டே போகும். சில மவுண்டுகள் அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் முட்டும். வாங்கும் முன் உங்கள் அட்சரேகைக்கு அது வருமா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் எதிர் எடை. குழாயின் எடைக்குக் கிட்டத்தட்ட ஈடான இரும்பைக் கூடவே சுமக்க வேண்டும். பொருள் தலைக்கு மேல் உச்சியைக் கடக்கும்போது நீளக் குழாய் முக்காலியில் இடிக்கும், முழுவதையும் மறுபக்கம் புரட்டிப்போட வேண்டும். கோளையோ இரட்டை நட்சத்திரத்தையோ ஒரு மணி நேரம் விடாமல் பார்ப்பவருக்கு இதெல்லாம் தகும். இன்று நிலவு, நாளை ஒரு கொத்து என்று மேய்பவருக்கு ஆல்ட் அசிமுத்தே சுகம். சில பெட்டிகளில் வரும் குட்டி ஈக்வடோரியல்கள், மெல்லிய அலுமினியக் காலோடு இருப்பவை, இரண்டு உலகின் தொல்லையையும் ஒன்றாகத் தருபவை, அவற்றை விட்டுத் தள்ளுங்கள்.

கோடூ (GoTo) எனும் கணினி மவுண்ட் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு மூன்று நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுத்தால் மீதியைத் தானே தேடிப் போய் நிறுத்தித் தொடரும், வெளிச்சம் அதிகமுள்ள வானத்தில் உண்மையிலேயே உதவும். அதன் பட்டியலில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களில் பெரும்பகுதி 80 மி.மீ. லென்ஸில் தெரியாது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். மின்சாரம் வேண்டும், அதே விலையில் இரும்பு குறைவாகவும் மின்னணு அதிகமாகவும் கிடைக்கும். இடைப்பட்ட வழியாக, போனை மாட்டி அதன் கேமரா நட்சத்திரங்களைப் பார்த்து இடம் கண்டுபிடித்து "இந்தப் பக்கம் தள்ளு" என்று காட்டும் ஏற்பாடுகளும் வந்துவிட்டன. நல்ல திடமான கை மவுண்டோடு அது சேர்ந்தால் நன்றாகவே இருக்கிறது.

முக்காலியின் உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. ரிஃப்ராக்டரில் கண் வைக்கும் இடம் பின்முனையில். ஒரு மீட்டர் குழாயை நடுவில் பிடித்திருந்தால், அடிவானத்தில் இருந்து உச்சிக்குப் போகும்போது ஐபீஸ் அரை மீட்டர் கீழே இறங்கும், முதுகு சொல்லிவிடும். அதற்காகக் காலை முழுக்க நீட்டினால் ஆட்டம் கூடும். கால்களைக் குட்டையாக வைத்து, நடுவில் ஒரு தூண் நீட்டிப்பைப் போட்டு, உயரம் மாற்றக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது எல்லாவிதத்திலும் மேல். உட்கார்ந்து பார்ப்பவர் நின்று பார்ப்பவரைவிட அதிக நுணுக்கம் பார்க்கிறார், உடம்பு ஆடாமல் இருப்பதுதான் காரணம். கால் கனத்த எஃகுக் குழாயாகவோ மரமாகவோ இருப்பது நல்லது.

டயகனல் இல்லாமல் ரிஃப்ராக்டரில் தலைக்கு மேலே பார்க்கவே முடியாது. வானத்துக்கு 90 டிகிரி டயகனல் வேண்டும், பெட்டியோடு வரும் 45 டிகிரி வகை தரையில் இருப்பதைப் பார்க்கத்தான். படம் இடவலம் மாறித் தெரியும், பழகிவிடும். ஃபோகஸர் தொய்வில்லாமல் ஓட வேண்டும், இரட்டை வேகக் குமிழ் இருந்தால் எஃப் 7க்குக் கீழே மிகவும் உதவும். பிளாஸ்டிக் 5x24 ஃபைண்டரைவிடச் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் எவ்வளவோ மேல்.

சூரியனைப் பார்ப்பதென்றால் முன்பக்க லென்ஸை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி மட்டும்தான், ஃபைண்டருக்கும் மூடி போட்டபிறகு. ஐபீஸில் திருகும் சின்னக் கருப்புக் கண்ணாடி பெட்டியில் வந்தால் அதை உடைத்துப் போட்டுவிடுங்கள், குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

இப்போது சேர்த்து முடிவு செய்வதற்கு வருவோம். குறைந்த செலவு, நிலவும் கோளும் என்றால் 70 அல்லது 80 மி.மீ. விட்டத்தில் எஃப் 10 பக்கத்து அக்ரோமேட், அதோடு பக்கவாட்டு ஆல்ட் அசிமுத். கிட்டோடு வரும் மவுண்ட் மட்டமாக இருந்தால் குழாயைத் தனியாக, மவுண்டைத் தனியாக வாங்குங்கள். பால்வீதியைத் துழாவ, எங்கும் தூக்கிப் போக என்றால் 80 மி.மீ. விட்டம் 400 மி.மீ. குவியத்தூரம், மவுண்ட் சுமாராக இருந்தாலும் 30 மடங்கில் ஆட்டம் பெரிதாகத் தெரியாது. ஒரே டெலஸ்கோப் போதும், கொஞ்சம் செலவழிக்கலாம் என்பவருக்கு என் பதில் 80 முதல் 100 மி.மீ. வரை ஈடி, எஃப் 6 அல்லது 7, திடமான ஆல்ட் அசிமுத்தில். எல்லாவற்றையும் ஓரளவு நன்றாகச் செய்யும். 120 மி.மீ. ஈடி கண்ணுக்குப் பெரிய விருந்து, ஆனால் அங்கிருந்து மவுண்டின் எடையும் விலையும் சட்டென்று மேலே ஏறும். குழாயை மட்டும் பார்த்து மனதைப் பறிகொடுக்காதீர்கள். பணம் குறைவு என்று தோன்றினால் விட்டத்தில் 20 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள், மவுண்டில் குறைக்காதீர்கள்.

பழையது வாங்கினாலும் புதியது வாங்கினாலும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 100 மடங்கில் வைத்துக் குழாயின் பின்பக்கத்தை விரலால் லேசாகத் தட்டி, ஆட்டம் அடங்கும்வரை எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் அடங்கினால் நல்ல ஜோடி. மூன்று நொடி, பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நொடி என்றால் அந்தக் குழாய்க்கு அந்த மவுண்ட் ஆகாது. பகலில் கடையில் பார்ப்பதானால் தூரத்து ஆண்டெனா ஒன்றை வைத்தும் இதைச் செய்யலாம்.

ஏற்கெனவே ஆடுகிற மவுண்ட் ஒன்று வீட்டில் இருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. கால்களை முழுக்க உள்ளே தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கால்கள் தலையோடு சேரும் இடத்தில் இருக்கும் போல்ட்டுகளை இறுக்குங்கள், ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நடுத் தட்டில் இருந்து ஒரு பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள், காற்றில் ஊஞ்சலாடாமல் தரையை லேசாகத் தொட்டபடி. காலடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்தால் சிமெண்ட் தரையில் அதிர்வு சீக்கிரம் அடங்கும். ஃபோகஸ் குமிழில் ஒரு துணி கிளிப்பை மாட்டி அதன் நுனியை விரலால் நகர்த்தினால் குழாயில் கை படும் விசை வெகுவாகக் குறையும். இவ்வளவும் செய்தபின் தட்டிப் பார்த்து எண்ணுங்கள். ஐந்து நொடி மூன்றாகியிருந்தால் அடுத்த வாங்கலை ஐபீஸுக்குத் தள்ளிப்போடலாம், ஆகவில்லை என்றால் மவுண்டுதான் முதலில்.